பழையதோ, புதியதோ

தம்பி,

நேற்று நீ தொலைபேசியில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பு மூட்டியே இருக்கவில்லை. பொம்பிளை வீட்டுச் சாத்திரியார் கேட்கிறார் என்று நீ கேட்டாய்: "அம்மா, ஆஸ்பத்திரித் துண்டில இருக்கிற என்ர பிறந்த நேரம் பழையதோ, புதியதோ?" பிறகு குரலைத் தாழ்த்தி, கொழும்பில் உன் அறையில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோலச் சொன்னாய்: "பழையது எண்டே சொல்லிவிடுங்கோவன். புதியதெண்டா தகப்பனுக்கு ஆகாத சாதகமாம். அவவின்ர அம்மா பயப்பிடுறா." நீ பிறந்து இவ்வளவு காலத்தில் என்னிடம் ஒரு பொய் கேட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் உன் அப்பா செத்த விஷயத்தில் கேட்டாய். எனக்குக் கோபம் வந்தது, உன்மேல் இல்லை. யார்மேல் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். வாசித்து முடித்ததும் மடித்து ஒளித்து வைக்காதே. அந்தப் பிள்ளைக்கும், நானாட்டானில் இருக்கிற அவளுடைய தாய்க்கும் அப்படியே வாசிக்கக் கொடு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

உனக்கு வயது வந்த காலத்தில் நாடு முழுக்க ஒரே நேரம். அதனால் பழையது புதியது என்றால் என்னவென்று உனக்குச் சரியாகத் தெரியாது. நான் உன்னை வயிற்றில் வைத்திருந்தபோது அடம்பன் பக்கம் இயக்கத்தின், அதுதான் புலிகளின், கையில் இருந்தது, மன்னார்த் தீவு ஆமியின் கையில் இருந்தது. அதற்குக் கொஞ்சக் காலம் முன்னால் அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று நாட்டின் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியிருந்தது. தள்ளியும் குறைத்தும் கடைசியில் அரை மணித்தியாலத்தில் வந்து நின்றது. இயக்கம் அந்த நேரத்தை ஏற்கவில்லை. எங்கள் பக்கம் பழைய நேரத்திலேயே நின்றது. இரண்டுக்கும் நடுவில் சோதனைச்சாவடி. நாங்கள் அதைக் கேற் என்போம். கேற்றுக்கு அந்தப் பக்கம் ஐந்து மணி என்றால் எங்கள் பக்கம் நாலரை. பின்னேரம் கேற் பூட்டுவதும் அந்தப் பக்கத்து ஐந்து மணிக்குத்தான். ஒரே வெயில், ஒரே வயல், ஒரே காகம், ஆனால் நேரம் இரண்டு. அதனால் யார் யாரிடம் நேரம் கேட்டாலும், பதில் வந்ததும் அடுத்த கேள்வி ஒன்று கேட்போம்: "பழையதோ, புதியதோ?" சின்னப் பிள்ளையும் கேட்கும். "சாப்பிட்டீங்களோ" என்று கேட்பதுபோல அது வாயில் தானாக வரும். இதை நினைவில் வைத்துக்கொள். எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் போய் முடியப்போகிறது.

இனி அந்தக் கைமணிக்கூடு. ஜன்னல் கம்பியில் தொங்குகிற அந்தக் கறுப்புச் சனியனை உனக்குத் தெரியும். நீ தவழுகிற வயதில் அதன் பட்டியைச் சப்பித்தான் பல்லு முளைத்தாய். பின்னேரம் பின்னேரம் கத்தும்போது "அம்மா, உங்கட ஆள் கூப்பிடுறார்" என்று நீ பகிடி பண்ணுவாய். அந்தப் பகிடி எவ்வளவு சரி என்று உனக்குத் தெரியாது. அது சுவிஸில் இருந்து உன் மாமா அனுப்பியது. என் தம்பி. நான் உன் அப்பாவைக் கட்டிய கோபத்தில் கன காலம் என்னோடு பேசாமல் இருந்தவன். அப்பா மலையகத்தில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அங்கே கலவரத்தில் வீட்டைக் கொளுத்த, குடும்பத்தோடு எங்கள் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். எங்கள் வீட்டு வயலில் கூலிக்கு நின்றார். கூலிக்காரனைக் கட்டினாள் என்று என் சொந்தக்காரர் எல்லாரும் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். வயிற்றில் நீ என்று கேள்விப்பட்டதும் உன் மாமாவுக்கு மனம் இளகி, அத்தானுக்கு என்று இதை அனுப்பினான். எங்கள் பக்கம் பற்றரி கொண்டுபோகத் தடை என்று கேள்விப்பட்டு, வெயிலிலேயே சார்ஜ் ஆகிற மணிக்கூடாகத் தேடி வாங்கியிருக்கிறான். மன்னாரில் எது இல்லாவிட்டாலும் வெயில் இருக்குமே.

மலை ஏறுகிறவர்கள் கட்டுகிற மணிக்கூடாம் அது. நாலு மூலையிலும் நாலு பொத்தான். ஒவ்வொன்றுக்கும் தட்டினால் ஒரு வேலை, அழுத்திப் பிடித்தால் வேறு வேலை, இரண்டைச் சேர்த்து அழுத்தினால் யாருக்கும் தெரியாத மூன்றாவது வேலை. திசை காட்டும், மழை வருமா என்று முகில் படம் போடும், நிற்கிற இடத்தின் உயரம் காட்டும். இந்தப் பக்கத்தில் உயரத்துக்கு என்ன இருக்கிறது? குளக்கட்டைவிட்டால் பனைமரம். அப்பா அதைக் கட்டிய முதல்நாள் அது உயரம் பூச்சியம் என்றது, அடுத்த நாள் பூச்சியத்துக்கும் கீழே என்றது. "இதுக்கு மலைன்னா உசுரு புள்ள," என்றார். "இங்க வந்து பூச்சியத்துல நின்னுகிட்டு முழிக்குது பாரு, என்னைய மாதிரியே." கூட வந்த புத்தகம் ஜேர்மன் பாஷையில். அதனால் அவர் வயலில் மத்தியானம் மரநிழலில் இருந்து தட்டித் தட்டியே படித்தார். ஒருநாள் முகில் படம் வந்ததென்று அவர் சொன்ன பேச்சைக் கேட்டு, காயப்போட்டிருந்த நெல்லை எல்லாம் அயல் சனம் அள்ளிக் கட்டியது. ஒரு துளி விழவில்லை. மணியக்கா, எங்கள் பக்கத்து வளவுக்காரி, ஒரு கிழமைக்கு அவரைக் கண்டால் கையைக் குடைபோலப் பிடித்துக்கொண்டு போவாள். நான் எரிந்து விழுவேன். "நேரம் பாக்கிற சாமானுக்கு இவ்வளவு வித்தை என்னத்துக்கு?" என்பேன். அவர் சிரித்துக்கொண்டு அடுத்த பொத்தானை அழுத்துவார்.

அந்த வித்தைகளுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஊருக்கு உதவியது. அந்த மணிக்கூடு இரண்டு நேரத்தை ஒன்றாக வைத்திருக்கும். மேலே பெரிதாக ஒன்று. கீழ் மூலைப் பொத்தானைத் தட்டினால் மற்றது. அப்பா ஒன்றில் புதியதும் மற்றதில் பழையதும் வைத்தார். கேற்றுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், அரசாங்கக் கந்தோருக்குப் போகிறவர்கள் எல்லாரும் வந்து அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வெளிக்கிடுவார்கள். இரண்டு நேரக்காரன் என்று பெயரே வந்துவிட்டது. என் வீட்டார் மதிக்காத மனிதன் வாசலில் சனம் நிற்பதைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். வெளியே காட்டவில்லை.

ஆனால் தம்பி, சண்டை நடக்கிற இடத்தில் இரண்டு நேரம் வைத்திருப்பது நல்லதில்லை. ஒருநாள் எங்கள் பக்கத்து இயக்கச் சென்றியில் காவலுக்கு நின்ற பெடியன், உன்னைவிடச் சின்னவன், மீசை அரும்பாதவன், மணிக்கூட்டை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டானாம்: "அண்ணை, ஆமியின்ர நேரம் உங்களுக்கு என்னத்துக்கு?" கொஞ்ச நாளில் கேற்றில் ஆமிக்காரன் அதே பொத்தானைத் தட்டிவிட்டு, "கொட்டியா நேரம் ஏன் வச்சிருக்கிறது? இது திசை காட்டுறது யாருக்கு?" என்று, புலியைக் கொட்டியா என்கிற அரைகுறைத் தமிழில் கேட்டு, பொழுது சாயும்வரை வெயிலில் முழங்காலில் வைத்தான். மணிக்கூட்டை மண்மூட்டையின் மேல் வைத்திருந்தார்களாம். "என்னையும் அதையும் ஒண்ணா காயப்போட்டாய்ங்க புள்ள. அதுக்கு ஃபுல் சார்ஜ்," என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. முழங்கால் இரண்டும் உரிந்திருந்தன. "ஒன்றை அழிச்சுப்போடுங்கோ," என்று அழுதேன். "எதை அழிக்கிறது? இங்கிட்டு வாழணும், அங்கிட்டுப் போனாத்தான் மருந்து. ரெண்டும் வேணுமே," என்றார். நான் அவருடைய முழங்காலுக்கு எண்ணெய் பூசினேன்.

எனக்கு நோவு நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. வயல்காரரின் ட்ரக்டர் பெட்டியில் வைக்கோல் போட்டு என்னைக் கிடத்தி, மணியக்கா தலைமாட்டில், அப்பா கால்மாட்டில். கேற்றில் நோயாளியும் துணைக்கு ஒரு பொம்பிளையும் மட்டும் போகலாம் என்றார்கள். அப்பாவுக்குப் பாஸ் இல்லை. அடுத்த நாள் பாஸ் எடுத்துக்கொண்டு வா என்றார்கள். கெஞ்சினார். அவர் கெஞ்சுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் கட்டினார். பொம்பிளைக் கையில் இருந்தால் யாரும் தட்டிப் பார்க்கமாட்டார்கள் என்பது ஒன்று. நோவுக்கும் நோவுக்கும் இடைவெளி எவ்வளவு என்று தாதிமார் கேட்பார்கள், அதற்கு இதில் வழி இருக்கிறது என்பது மற்றது. "நோவு வந்ததும் இத அமுக்கு, விட்டதும் இத," என்று காட்டினார். "உயிர் போற நோவில நான் பொத்தான் தேடுறதோ?" என்று கத்தினேன். என் தம்பி பார்த்துச் சிரித்திருப்பான், அப்படி ஒரு காட்சி.

போகிற நேரத்தில் இன்னொரு பொத்தானை அழுத்திப் பிடித்து எதையோ வைத்தார். "நாளைக்கு கேட்டைப் பூட்டுற நேரத்துக்கு இது கத்தும். கத்துச்சுன்னா நான் கேட்டைத் தாண்டி வந்துட்டேன்னு நெனச்சுக்க," என்றார். அவர் எப்போதும் "போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்வார். எங்கள் பேச்சு அவருடைய வாயில் வராது என்று நான் எத்தனையோ தடவை நெளித்துக் காட்டியிருக்கிறேன். அன்றைக்கு, என்னைச் சிரிக்க வைக்கவேண்டும் என்றுதான், எங்கள் ஆட்கள் மாதிரியே இழுத்துச் சொன்னார்: "போட்டு வாறன்." நான் சிரித்தேனா என்று நினைவில்லை. சிரித்திருந்தால் நல்லது.

மன்னார் ஆஸ்பத்திரியில் நீ விடியப் பிறந்தாய். பிள்ளை பெறுகிற நேரத்தில் மணிக்கூட்டைக் கழற்றத் தாதி முயன்றும், அதன் கொளுவியைத் திறக்க அவவாலும் முடியவில்லை, அது ஒரு பூட்டு மாதிரி. "என்ன சனியனை அம்மா கட்டியிருக்கிறீங்கள்!" என்று ஏசிவிட்டு அப்படியே விட்டுவிட்டா. அதனால் நீ அழுத உடனே நான் பார்த்தது உன்னையும் அதையும்தான். உன்னை வாங்கக் கையை நீட்டியதில் கீழ் மூலைப் பொத்தானும் தட்டுப்பட்டது, மற்ற நேரமும் வந்தது. உலகத்தில் உன் பிறந்த நேரத்தை இரண்டு விதமாகவும் கண்ணால் கண்டவள் நான் ஒருத்திதான். தாதி சுவர் மணிக்கூட்டைப் பார்த்துத் துண்டில் எழுதியது புதிய நேரம். சாதகத்துக்கென்று பழையதைக் கேட்டு எழுதுவிக்கிறவர்களும் இருந்தார்கள். நான் கேட்கவில்லை. சாத்திரியாருக்கு இதுதான் பதில். புதியது.

பயந்துவிட்டாயா? மிச்சத்தையும் வாசி.

அந்தோனி மாமா அந்த நாட்களில் பேசாலையில் இருந்து சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு, கேற்றைத் தாண்டி அடம்பன் சந்தைக்கு வருகிற வியாபாரி. எங்கள் வீட்டுக்கும் மீன் தருவார். மீனோடு சேதியும் கொண்டுபோவார். மணியக்கா விடியவே அவர் வழக்கமாக நிற்கிற பஸ் நிலையத்துக்கு ஓடி, ஆம்பிளைப் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்று அவரிடம் சொல்லிவிட்டாள். அன்றைக்குக் கேற்றில் சோதனை கடுமை. அவரை எங்கள் பக்கம் விடப் பின்னேரமாகிவிட்டது. வழக்கமாக அவர் அடம்பன் சந்தைக்குப் போன பிறகுதான் மணிக்கூட்டைப் பழைய நேரத்துக்குத் திருப்புவார். அது அவருடைய பழக்கம், எல்லாருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அன்றைக்கு எங்கள் பக்கத்துச் சென்றியில் யாரோ, "இஞ்ச வந்தா எங்கட நேரத்துக்கு மாத்துங்கோ," என்று கண்டித்திருக்கிறார்கள். அங்கேயே திருப்பிவிட்டார்.

கொஞ்சத் தூரத்தில் அப்பா எதிரே சைக்கிளில் வருகிறார். காலை முழுக்கப் பாஸுக்கு நின்றுவிட்டு, அரைகுறையாய்க் கிடந்த வரம்பு வேலையையும் முடித்துக்கொடுத்துவிட்டு, சேறோடு வந்திருக்கிறார். அந்தோனி மாமா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாராம். "பொடியன்! உனக்குப் பொடியன் பிறந்திருக்கிறான்!" மீன் நாற்றமும் சேறும் ஒன்றாக, நடுறோட்டில் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் குதித்தார்களாம். பிறகு அப்பா கேட்டார், "அண்ணே, மணி என்னா?" அவர் பார்த்து, "நாலு," என்றார். இவ்வளவுதான். ஊரில் சின்னப் பிள்ளையும் கேட்கிற அடுத்த கேள்வியை, இரண்டு நேரக்காரன் கேட்கவில்லை. கேட்காமலே சொல்லியிருக்கவேண்டியதை மற்றவர் சொல்லவில்லை. கேற்றுப் பக்கமிருந்து வருகிறவரின் கையில் இருப்பது புதிய நேரம் என்று அப்பா நினைத்தார். பூட்ட இன்னும் ஒரு மணித்தியாலம் முழுசாகக் கிடக்கிறது என்று நினைத்தார். கிடந்தது அரை மணித்தியாலம். என் கையில் இருந்த மணிக்கூடு அவர் கையில் இருந்திருந்தால் ஒரு தட்டில் தெரிந்திருக்கும்.

நேரம் இருக்கிறதென்று நினைத்தவர் என்ன செய்தார் தெரியுமா? குளத்தில் இறங்கிக் குளித்தார். பிள்ளையைச் சேற்றுக் கையால் தூக்கக்கூடாதே. பையில் கொண்டுவந்த வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, நனைந்த சாரத்தைப் பிழிந்து கரியரில் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். எங்கள் பக்கத்துச் சென்றிக்கு வந்தபோது, "பூட்டுற நேரம் அண்ணை, ஓடிப்பாருங்கோ," என்று விட்டிருக்கிறார்கள். ஓடிப் பார்த்தார். இரண்டு சென்றிக்கும் நடுவில் கிடக்கிற வெட்டை வெளியில், பூட்டிய கேற்றை நோக்கி ஒரு சைக்கிள் வேகமாகப் போகிறது. வெடி எந்தப் பக்கத்தில் இருந்து வந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் சொன்னது, பூட்டின பிறகு வந்தவன், நாங்கள் சுடவில்லை. இந்தப் பக்கம் சொன்னது, பூட்ட முதலே போனவர், நாங்கள் சுடவில்லை. நேரம் கேட்டால் இரண்டு பேரும் இரண்டு நேரம் சொன்னார்கள். தங்கள் தங்கள் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

அதே நேரம் வார்ட்டில் என் கையில் மணிக்கூடு கத்தியது. நீ பால் குடித்துக்கொண்டிருந்தாய். திடுக்கிட்டு வாயை எடுத்தாய். நான் உன் காதுக்குள் சொன்னேன், "பயப்பிடாதை ராசா. அப்பா கேற்றுக்கு இஞ்சால வந்திட்டார்." பக்கத்துக் கட்டில்காரியிடமும் சொன்னேன். தலையைக்கூட வாரினேன்.

அவர் வந்துதான் இருந்தார். உடம்பை அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். நான் மேலே, அவர் கீழே. அடுத்த நாள் அந்தோனி மாமா வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்குத் தெரியும். வாயைத் திறந்து முதல் சொன்ன சொல், "தங்கச்சி, நான்தான் நேரம் சொன்னனான்." எனக்கு விளங்கவில்லை. மாதா மாதா என்று தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். என்னைக் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுபோனார்கள். வெள்ளைச் சேட்டை நான் விபரித்து எழுதப்போவதில்லை. தலைமயிரில் சவர்க்கார வாசம் இருந்தது. கரியரில் இருந்த சாரத்தைப் பொட்டலமாகத் தந்தார்கள், அது இன்னும் ஈரம் காயவில்லை.

என் பெரியம்மா முறையான ஒருத்தி செத்தவீட்டுக்கு வந்து, உன்னை எட்டிப் பார்த்துவிட்டு, "தகப்பனை விழுங்கிப்போட்டுப் பிறந்திருக்கு," என்றாள். பச்சை உடம்போடு எழும்பி அவளை வாசலுக்கு வெளியே தள்ளினேன். அன்றைக்கே முடிவெடுத்தேன், உனக்குச் சாதகம் எழுதுவதில்லை. உனக்கு அப்பா சண்டையில் செத்தார் என்று மட்டும் சொல்லி வளர்த்தேன். குளித்த கதையை, சந்தோசத்தில் கேள்வியை மறந்த கதையைச் சொல்லவில்லை. சொன்னால், நான் பிறந்த சேதியால்தானே என்று நீ உன்னையே குற்றம் சொல்லுவாய் என்று பயந்தேன். மறைத்தது பிழையென்று நான் நினைக்கவில்லை. வளருகிற பிள்ளைக்கு அந்தப் பாரம் வேண்டாம். இப்போது நீ ஆளாகிவிட்டாய், தூக்கலாம்.

ஆகவே நன்றாகக் கேள். பிள்ளை பிறந்தான் என்று சந்தோசப்பட்ட ஒரு மனிதன், ஒரு கேள்வி கேட்க மறந்தால் சாகவேண்டும் என்று எந்தக் கிரகம் சொன்னது? ஒரே நாட்டில், கூப்பிடு தூரத்தில், இரண்டு நேரம் வைத்தது சனியும் ராகுவும் இல்லை. துவக்கு வைத்திருந்த மனிதர்கள். அவர்களுடைய பாவத்தை ஒரு பச்சைப் பிள்ளையின் கட்டத்துக்குள் எழுத எந்தச் சாத்திரியாருக்கும் நான் இடம் தரமாட்டேன். பழையது என்று பொய் சொன்னால் உன் கலியாணம் நடக்கும், தெரியும். ஆனால் அந்த அரை மணித்தியாலத்தை மறைத்தால், உன் அப்பா ஏன் செத்தார் என்பதையும் சேர்த்து மறைக்கவேண்டும். அதை மட்டும் என்னால் முடியாது. உனக்கு அந்தப் பிள்ளையை எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை வாசித்தபிறகும் அந்தத் தாய் மகளைத் தரப் பயந்தால், எனக்கு வயிறு எரியும். ஆனாலும் பொய் சொல்லமாட்டேன்.

பிறகு நான் அடம்பனுக்குத் திரும்பவில்லை. அந்தோனி மாமாவின் மனுசி எங்களைப் பேசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனா. அவர்களுடைய மீன்வாடிக்குப் பக்கத்தில் ஓலைக்குடிசை, மீன் வெட்டுகிற வேலை, கருவாடு காயப்போடுகிற வேலை. அந்த மனிதர் உனக்குக் கொப்பியும் சப்பாத்தும் ஏன் வாங்கித் தந்தார், நம்முடைய கோயிலில் உனக்கு ஏடு தொடக்கியபோது சிலுவையோடு வந்து ஏன் மூலையில் நின்று அழுதார் என்று இப்போது தெரிகிறதா? அவர் மணிக்கூடு கட்டுவதில்லை என்று நீ கேலி பண்ணுவாயே. யார் நேரம் கேட்டாலும் "எனக்குத் தெரியாது" என்பாரே, சுவரில் மணிக்கூடு தொங்கினாலும் திரும்பிப் பார்க்காமல். நான் அவரை ஒருநாளும் குற்றம் சொல்லவில்லை. அவர்தான் விடவில்லை. உன் கலியாணம் நடந்தால் முதல் அழைப்பு அவருக்கு. அப்பாவின் இடத்தில் அவர்தான் நிற்கவேண்டும். மாட்டேன் என்பார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வா.

மணிக்கூட்டை நான் எறிந்திருக்கலாம். கருவாட்டுத் தட்டில் மீனோடு மீனாக அதையும் வெயிலில் வைத்து எடுத்துத்தான் இவ்வளவு காலமும் இருந்தேன். அதை நிப்பாட்டத் தெரியவில்லை. எந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்தார் என்று பார்த்திருக்கவேண்டும், நோவில் நான் பார்க்கவில்லை. பஜாரில் மணிக்கூடு திருத்துகிறவரிடம் ஒருமுறை கொண்டுபோனேன். அவர் தட்டத் தொடங்கியதும் பறித்துக்கொண்டு வந்துவிட்டேன். தவறிப்போய் எல்லாம் அழிந்துவிட்டால்? நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஒருநாள் அரசாங்கமே பழைய நேரத்துக்குத் திரும்பியது. வானொலியில் சாதாரணமாகச் சொன்னார்கள், மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புங்கள் என்று. சனம் திருப்பியது. நான் வாடிக்குப் பின்னால் போய் இருந்து, வாயில் சீலையை அடைத்துக்கொண்டு அழுதேன். இவ்வளவுதானா? இவ்வளவு லேசாகத் திருப்புகிற சாமானா? அன்றையில் இருந்து புதிய நேரம் இந்த நாட்டில் எங்கேயும் இல்லை, இந்த மணிக்கூட்டில் மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் அது ஐந்து மணிக்குக் கத்தாமல் நாலரைக்குக் கத்துகிறது. பழுதாகிவிட்டது என்று நீ நினைத்தாய். பழுதில்லை, அது சரியாகத்தான் கத்துகிறது.

நீ வாழப்போகிறவன், ஒரு புத்தி சொல்லி முடிக்கிறேன். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் என்றால் இரண்டு நேரம் இருக்கத்தான் செய்யும். அவள் "ஒண்டுமில்லை" என்று சொன்னால், எந்த ஒண்டுமில்லை என்று திருப்பிக் கேள். சந்தோசமாக இருக்கும்போதும் கேள். கேட்கிறதுக்கு வெட்கப்படாதே, எனக்குத் தெரியும்தானே என்று நினைக்காதே. தெரியும் என்று நினைத்தவர்தான் உன் அப்பா.

மணிக்கூடு இப்போது களைத்துவிட்டது. வெளிச்சம் வருவதில்லை, திசை காட்டுவதில்லை, மாரியில் எழுத்துகள் மங்கிப் போகின்றன. கத்துவதை மட்டும் விடவில்லை. நேற்று உன் போனை வைத்த பிறகும் கத்தியது. நீ தொலைபேசியில் எல்லாம் தேடிக் கண்டுபிடிக்கிறவன், எந்தப் பொத்தான் என்று தேடிப் பார். அந்தப் பிள்ளை சம்மதித்தால் அவளோடு வா, இல்லாவிட்டால் தனியே வா. பின்னேரம் அது கத்துகிற நேரத்துக்கு வந்து, என் முன்னால் அதை நிப்பாட்டு. நானாகச் செய்ய எனக்குக் கை வராது. அந்த மனிதர் இத்தனை வருஷமாக ஒவ்வொரு நாளும் வந்திட்டன், வந்திட்டன் என்று சொல்லிக்கொண்டு கேற்றடியில் நிற்கிறார். போதும், ராசா. நீ வந்து அவரை உள்ளே கூப்பிடு.

உன் அம்மா